சனி ஞாயிறுகளில் தலைநகரம்: கொல்லிமலையிலிருந்து ஒரு பார்வை

சித்திரை, வைகாசியில் எங்கள் மலையிலிருந்து பிள்ளைகள் இப்போது சென்னைக்குப் போகிறார்கள். கட்டட வேலைக்கோ ஓட்டல் வேலைக்கோ போவதைச் சொல்லவில்லை. அது முன்பிருந்தே நடப்பது. இவர்கள் படிப்பின் ஒரு பகுதியாகப் போகிறவர்கள். பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் படிக்கிறவர்களுக்குக் கோடை விடுமுறையில் ஆறு வாரமோ எட்டு வாரமோ ஏதாவதொரு கம்பெனியில், அலுவலகத்தில், ஆய்வு நிறுவனத்தில் பயிற்சி. இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, நாமக்கல்லிலோ சேலத்திலோ கல்லூரி சேர்ந்து, பிறகு தலைநகரம். வாரத்தில் ஐந்து நாள் வேலை. சனியும் ஞாயிறும் கையில் இருக்கின்றன. "சும்மா ரூம்லயே கெடக்காத, நாலு எடம் போயி பாத்துட்டு வா" என்று வீட்டிலிருந்து போனில் சொல்கிறார்கள். எங்கே போவது? உடன் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் ஒரு பட்டியல் இருக்கிறது: கோட்டை, ஐகோர்ட்டு, மெரினா, மியூசியம், அடையாறு ஆலமரம், கிண்டி. சுற்றுலாத் துறையின் பட்டியலும் அதுதான்.

அந்தப் பட்டியலை நாம் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதே இடங்களுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அங்கே போய் எதைப் பார்ப்பது என்பதை யார் தீர்மானிப்பது? சுற்றிப் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. பார்க்கிறவர் யார், பார்க்கப்படுகிறவர் யார் என்பதில் ஒரு அதிகார உறவு இருக்கிறது. இதை மலைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சனி, ஞாயிறானால் கீழ்நாட்டிலிருந்து கார்கள் எங்கள் மலைக்கு வருகின்றன. ஆகாயகங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், பலா, அன்னாசி, மிளகு, தேன், அதற்குப் பக்கத்தில் கூடையோடு நிற்கும் எங்கள் அம்மா. எல்லாம் ஒரே போட்டோவில் வந்துவிடுகிறது. அவர்களுக்கு நாங்களும் ஒரு காட்சி. அப்படிப் பார்க்கப்பட்டுப் பழகியவர்கள் ஒரு தலைநகரத்தைப் பார்க்கப் போகும்போது என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

செத்த காலேஜ்

முதல் சனிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்குவது நல்லது. 1851இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகத்துக்குச் சென்னைச் சனங்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்'. படித்தவர்கள் சூட்டிய பெயர்களைவிட இந்தப் பெயர்களில் விவரம் அதிகம். செத்ததை வைத்துப் பாடம் நடத்துகிற இடம் என்று சனங்களுக்குப் புரிந்திருக்கிறது.

1885 முதல் 1908 வரை இதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். கே. ரங்காச்சாரியின் துணையோடு இவர் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகள் கொண்டது. நான்காவது தொகுதியில் எங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது, 'மலையாளி' என்ற தலைப்பில். ஆறாவது தொகுதியில் பறையர் இருக்கிறார்கள். தர்ஸ்டன் கையில் அளவுகோலையும் இடுக்கியையும் வைத்துக்கொண்டு மனிதர்களின் தலையை அளந்தார், மூக்கின் நீள அகலத்தை அளந்தார், தோலின் நிறத்தைக் கருவி வைத்து ஒப்பிட்டார். மூக்கை அளந்தால் இனம் தெரியும், இனம் தெரிந்தால் சாதியின் தரம் தெரியும் என்று நம்பிய காலம் அது. ரிஸ்லி வடக்கே செய்ததை இவர் தெற்கே செய்தார். இந்த 'விஞ்ஞானம்' பின்னால் பொய்யென்று தள்ளப்பட்டது. ஆனால் அந்த ஏழு தொகுதிகள் தள்ளப்படவில்லை. அரசாங்கமும் ஆய்வாளர்களும் நீதிமன்றங்களும் அதைப் புரட்டிப் புரட்டி மேற்கோள் காட்டினார்கள். குற்றப் பழங்குடிச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, ஒரு கூட்டத்தையே பிறப்பால் இன்ன குணம் என்று முத்திரை குத்தும் பழக்கம் ஏற்கெனவே அச்சாகி அலமாரியில் தயாராக இருந்தது.

தர்ஸ்டன் எழுதியதில் எங்கள் முன்னோர் கதையும் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் கரிராமனைச் சுமந்துகொண்டு மலைகளுக்கு வந்தார்கள் என்ற கதை. நாங்கள் காஞ்சி வெள்ளாளர், காராளர் என்பது அதன் முடிவு. இன்றைக்கும் மலையில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்வதும் உண்டு. எஸ்.டி. சான்றிதழ் ஒரு கையில், வெள்ளாளப் பெருமை இன்னொரு கையில். இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு தாழ்த்தப்பட்டவரை ஒரு படி கீழே நிறுத்துகிறவர்களுக்கு எழும்பூரில் ஒரு பதில் இருக்கிறது. அளந்தவனுக்கு மலையாளியின் தலையும் பறையரின் தலையும் ஒரே அளவுகோலுக்கு உட்பட்ட தலைகள்தான். காஞ்சிக் கதையைச் சொல்லி யாரும் அந்த இடுக்கியிலிருந்து தப்பவில்லை. பார்க்கப்பட்டவர்கள் என்ற வரிசையில் நாம் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். இந்தப் பத்திரிகையில் ஒரு மலைக்காரர் எழுதுவதற்கான நியாயமும் அதுதான்.

அதே வளாகத்தில் அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. ஆந்திரத்தின் பெரிய பௌத்தத் தூபியிலிருந்து பெயர்த்து வந்த கற்கள். 1845இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்த கற்கள் சென்னையில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, பிறகு ஒரு பகுதி கப்பலேறி லண்டன் போயிற்று. மீதி எழும்பூரில். வெண்கலக் காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர் படிமங்கள். 1856 தொடங்கி அங்கே பூமிக்கடியிலிருந்து சுமார் முந்நூற்றைம்பது படிமங்கள் கிடைத்தன. எல்லாம் பத்திரமாகப் புதைத்து வைக்கப்பட்டவை. சோழநாட்டில் பௌத்தம் இருந்ததற்கான கடைசிக் கோபுரத்தை 1867இல் அரசாங்க அனுமதியோடு இடித்தார்கள். இந்தப் படிமங்களைப் பார்க்கிறவர்கள் 'என்ன அழகு' என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். புதைத்தவர்கள் யார், எதற்குப் பயந்து புதைத்தார்கள், அவர்கள் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்ற கேள்வியைக் கண்ணாடிப் பெட்டி கேட்பதில்லை. கேட்டவர் ஒருவர் இதே சென்னையில் இருந்தார். அவரிடம் பின்னால் வருவோம்.

கோட்டையும் சேரியும்

அடுத்த சனிக்கிழமை கோட்டை. 1639 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரைத் துண்டு கிடைத்தது. மறுவருடம் புனித ஜார்ஜ் கோட்டை எழும்பியது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் சென்னை தினம் கொண்டாடுகிறவர்கள் பிரான்சிஸ் டேயின் பெயரையும் கோகனின் பெயரையும் சொல்கிறார்கள். கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம். இதுவும் எல்லோரும் சொல்வது. கறுப்பர் நகரத்துக்கும் வெளியே ஒரு இடம் இருந்தது. கம்பெனிக் காலத்து வரைபடங்களில் பறைச்சேரி என்றே குறித்திருக்கிறார்கள். வெள்ளையன் கறுப்பனைக் கோட்டைச் சுவருக்கு வெளியே வைத்தான். கறுப்பன் தன்னில் ஒருவனைக் கறுப்பர் நகரத்துக்கு வெளியே வைத்தான். ஊரும் சேரியும் என்ற அமைப்பு தலைநகரம் பிறந்தபோதே கூடப் பிறந்துவிட்டது. நகரத்துக்கு வந்தால் சாதி கரைந்துவிடும் என்று சொல்கிறவர்கள் இந்த நகரத்தின் முதல் வரைபடங்களைப் பார்க்க வேண்டும்.

1707இல் வலங்கை, இடங்கைச் சண்டை மூண்டது. கவர்னர் தாமஸ் பிட் காலம். யார் எந்தத் தெருவில் கல்யாண ஊர்வலம் போகலாம் என்பதில் தொடங்கிய சண்டை. கடைசியில் வலங்கைக்குப் பெத்தநாயக்கன் பேட்டை, இடங்கைக்கு முத்தியால்பேட்டை என்று பிரித்துக் கொடுத்தார்கள். வியாபாரம் நடக்க வேண்டுமென்றால் சாதியைத் தெருக்கணக்கில் பங்கிட்டுத் தர வேண்டும் என்று கம்பெனிக்குப் புரிந்துவிட்டது. சண்டை போட்ட உடம்புகளில் பறையர் உடம்புகள் இருந்தன, வலங்கைக்காக. தெருவைப் பங்கிட்டபோது அவர்களுக்குக் கிடைத்தது பழைய சேரிதான்.

பழைய கறுப்பர் நகரம் இருந்த இடம் பிரெஞ்சுக்காரர்களின் ஆக்கிரமிப்புக்குப் பிறகு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. இன்று உயர்நீதிமன்றம் இருப்பது அந்தத் தரையில். அதன்பின் இதற்கு மேல் கட்டக்கூடாது என்று எல்லைக்கு ஆறு தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் இன்னமும் நிற்கிறது. நடைபாதைக் கூட்டத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. போகிற பிள்ளைகள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும். எங்கள் மலையிலும் காட்டுக்கும் பட்டா நிலத்துக்கும் நடுவே கல் நட்டிருக்கிறார்கள். ஆள்கிறவர்களுக்கு எல்லாக் காலத்திலும் கல் நடுவதுதான் முதல் வேலை.

கோட்டைக்குள் இன்று தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருக்கின்றன. கோட்டை ஆண்டவர்களின் சரித்திரம் மட்டும் அல்ல. 1920களில் இங்கே கூடிய சட்டமன்றத்தில் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்திருந்தார்கள். 1922இல் பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்ற தீர்மானம் இங்கே வந்தது. 1924இல் பொதுத்தெரு, கிணறு, குளம், அரசுக் கட்டடம் எல்லாவற்றிலும் தாழ்த்தப்பட்டோருக்கு உரிமை உண்டு என்று தீர்மானம் நிறைவேறியது. தெருவில் நடக்கச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட வேண்டியிருந்த நாடு இது. இன்று கையில் போனோடு கோட்டைச் சாலையில் நடந்துபோகும் பிள்ளைக்கு அந்த நடை யாரோ வாங்கிக் கொடுத்தது என்று தெரிய வேண்டும். கோட்டை அருங்காட்சியகத்தில் கவர்னர்களின் எண்ணெய் ஓவியங்களைப் பார்க்கலாம். 1924இன் தீர்மானத்தைத் தேடிப் படித்தால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இதே கோட்டை அரசாங்கம்தான் 1882இல் சென்னை வனச்சட்டம் கொண்டு வந்தது. மலையில் புனக்காடு வெட்டி, சாமையும் தினையும் விதைத்தவன் அந்தக் காகிதத்தால் ஒரே நாளில் அத்துமீறியவன் ஆனான். 2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டம் இயற்றிய பிறகும், நீதிமன்ற இடைக்கால உத்தரவு ஒன்றால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது பல வருடம் முடங்கிக் கிடந்தது. அந்த உத்தரவு போட்டது கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடம். 1892இல் திறந்த உயர்நீதிமன்றத்தின் கும்மட்டங்கள் அழகானவைதான், இல்லையென்று சொல்லவில்லை. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிந்துபோன வழக்கில் மிராசுதார்கள் விடுதலையானதும் அந்தக் கும்மட்டங்களின் கீழேதான். கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் இவ்வளவு தூரம் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்ற தர்க்கம் அங்கே செல்லுபடியாயிற்று. பக்கத்திலிருந்த சட்டக் கல்லூரிக்கு 1990இல் அம்பேத்கர் பெயர் வைத்தார்கள். 2008 நவம்பர் 12இல் அந்தக் கல்லூரி வாசலில் மாணவர்கள் சாதியாகப் பிரிந்து அடித்துக்கொண்டபோது போலீஸ் வேடிக்கை பார்த்தது. அதையும் ஊரே டி.வி.யில் பார்த்தது. அதுவும் இந்தத் தலைநகரத்தின் ஒரு காட்சிதான்.

மெரினாவின் வரிசை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெரினா. சுண்டல், பஜ்ஜி, அலை. மலைப் பிள்ளைகளில் பலர் கடலை முதன்முதலாகப் பார்ப்பது இங்கேதான். அந்தச் சந்தோஷத்தை யாரும் கெடுக்க வேண்டாம். கால் நனைத்துவிட்டுத் திரும்பி, கரையைப் பார்த்து நிற்க வேண்டும். சாலைக்கு அந்தப் பக்கம் சேப்பாக்கம் அரண்மனை. 1768இல் ஆற்காட்டு நவாபு கட்டியது. நவாபின் காலம் முடிந்தபின் வெள்ளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு வருவாய் வாரியத்தை அங்கே வைத்தது. மாகாணத்தின் ஒவ்வொரு காணி நிலத்துக்கும் கணக்கு அங்கே இருந்தது.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி ஒரு குறிப்பு எழுதி வருவாய் வாரியத்துக்கு அனுப்பினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் துரத்தலாம், நிலம் கேட்டு விண்ணப்பித்தால் மிராசு உரிமை குறுக்கே நிற்கிறது என்று அதில் இருந்தது. அதையொட்டி 1892இல் வந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலத்தின் கதை தொடங்குகிறது. தாழ்த்தப்பட்டோருக்குக் கொடுத்த நிலத்தைப் பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். பிறகு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறியது. 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். சேப்பாக்கத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன் வந்து சேர்ந்த காகிதத்துக்கும் அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கும் நடுவே அறுந்துபோகாத ஒரு கயிறு இருக்கிறது. 2012இல் அந்த அரண்மனையின் ஒரு பகுதி தீயில் எரிந்தபோது பாரம்பரியக் கட்டடம் போச்சே என்று பத்திரிகைகள் வருந்தின. எரிந்ததை மீண்டும் கட்டிவிட்டார்கள். பஞ்சமி நிலம்தான் இன்னும் திரும்பவில்லை.

கடற்கரையில் சிலைகள். 1968 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர், ஔவையார், இளங்கோ, கண்ணகி, கம்பர், பாரதி, பாரதிதாசன், போப், கால்டுவெல், வீரமாமுனிவர் என்று வைத்தார்கள். தமிழின் பெருமை வரிசையாக நின்றது. அந்த வருடத்தின் தொடக்கம் மெரினா, அந்த வருடத்தின் முடிவு வெண்மணி. ஒரே வருடம், ஒரே தமிழ்நாடு. தமிழன் என்று ஒருவனைச் சொல்லும்போது யாரை விட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று கேட்க இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்தாலே போதும்.

உழைப்பாளர் சிலை 1959இல் வைக்கப்பட்டது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு ஆண்கள் பாறையை நெம்புகிறார்கள். அந்த உடம்புகளின் முறுக்கைப் பார்த்தால் எங்கள் மலைக்காரனுக்கு உடனே புரியும், பாறையை நெம்பாமல் மலையில் ஒரு வயலும் உண்டாகாது. ஆனால் மலையில் பாறை புரட்டுகிற வேலையில் பெண்ணும் கூடவே இருக்கிறாள். சிலையில் இல்லை. உழைப்பாளிக்குச் சாதியும் இல்லை அந்தச் சிலையில். இருந்திருந்தால் நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் உழைப்பாளி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுமா? அதற்குப் பதில் தேடி வடசென்னைக்குப் போக வேண்டும். அது எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இல்லாத சனிக்கிழமை.

புளியந்தோப்பு

பெரம்பூர் பக்கம் பின்னி மில் என்று கேட்டால் வயதானவர்கள் வழி சொல்வார்கள். பக்கிங்ஹாம் மில் 1876இலும் கர்நாடிக் மில் 1881இலும் தொடங்கியவை. 1996இல் மூடப்பட்டன. 1918 ஏப்ரலில் இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா, திரு.வி.க. பெயர்கள் அதோடு சேர்ந்தவை. இந்தியத் தொழிற்சங்க வரலாறு இதைப் பெருமையாகச் சொல்லும். 1923இல் சிங்காரவேலர் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் மே தினம் கொண்டாடியதையும் சொல்லும்.

நடுவில் 1921 இருக்கிறது. ஜூனில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் சேரவில்லை. அவர்களுக்கு விழுந்து எழ நிலமில்லை, ஊரில் உறவு என்று கஞ்சி ஊற்ற ஆளில்லை. முந்தைய வேலைநிறுத்தங்களில் பட்ட கடனும் பசியும் நினைவில் இருந்தன. சங்கத்துக்குள்ளேயும் அவர்கள் சமமாக இல்லை. ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி என்று பல மாதம் நீண்டது. நிர்வாகம் இந்தப் பிளவைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது என்பது உண்மை. அந்தப் பிளவை நிர்வாகம் உண்டாக்கவில்லை என்பதும் உண்மை. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார், அரசாங்கம் ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுக்கிறது, அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்ற நிலையெடுத்தார். எம்.சி. ராஜா அந்தக் கட்சியை விட்டு 1923இல் வெளியேறியதற்குப் புளியந்தோப்பு ஒரு முக்கியக் காரணம். தொழிலாளர் ஒற்றுமை, பிராமணரல்லாதார் ஒற்றுமை என்ற இரண்டு பெரிய சொற்களும் ஒரே வருடத்தில், ஒரே சேரியின் சாம்பலில் சோதிக்கப்பட்டன.

அங்கே நின்று பார்க்க இன்று நினைவுச்சின்னம் என்று ஒரு கல்கூட இல்லை. மெரினாவில் வெண்கலத்தில் நிற்பது உழைப்பின் வெற்றி. புளியந்தோப்பில் நடந்ததற்குச் சிலை செய்ய யாராலும் முடியாது. செய்தால் யார் யாரை எரிக்கிறார்கள் என்று காட்ட வேண்டியிருக்கும்.

வெள்ளை மாளிகையாக நிற்கும் ரிப்பன் கட்டடத்தையும் அப்படியே பார்த்துவிட்டு வரலாம். 1913இல் திறந்தது, மாநகராட்சி அலுவலகம். 1937இல் ஜே. சிவசண்முகம் பிள்ளை, 1945இல் என். சிவராஜ் ஆகியோர் தாழ்த்தப்பட்டோரிலிருந்து இங்கே மேயரானவர்கள். 2022இல் ஆர். பிரியா, அந்த நாற்காலிக்கு வந்த முதல் தலித் பெண். இது வெற்றிதான், குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அதே கட்டடத்தின் வாசலில் 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்பது கோரிக்கை. நடுராத்திரியில் போலீஸ் அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. தொழிற்சங்கத் தலைவரின் பெயர் மண்டலத்துக்கு. அந்த மண்டலத்தைக் கூட்டுகிறவர்களுக்கு நிரந்தர வேலை இல்லை.

ராயப்பேட்டையிலிருந்து கிண்டி வரை

கண்ணாடிப் பெட்டி கேட்காத கேள்வியைக் கேட்டவர் அயோத்திதாசப் பண்டிதர். 1845இல் ஆயிரம்விளக்குப் பகுதியில் பிறந்தவர், நீலகிரியில் வளர்ந்தவர். மலைவாழ் மக்களைப் பார்த்து வளர்ந்த ஒரு மனிதர் பிறகு சமவெளியின் சாதியைப் பற்றி எழுதினார் என்பது எங்களுக்குக் கவனிக்க வேண்டிய விஷயம். 1898இல் ஆல்காட்டோடு இலங்கை போய்ப் பௌத்தம் தழுவினார். ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் நடத்தினார். 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையை அங்கிருந்து தொடங்கினார். நாங்கள் இந்து மதத்தின் கடைசிப் படி அல்ல, வீழ்த்தப்பட்ட பௌத்தர்கள் என்பது அவர் வாதம். அமராவதிக் கல்லையும் நாகப்பட்டினத்துப் படிமத்தையும் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த வாதம் வெறும் வாதமாகத் தெரியாது. திருக்குறள் ஏடுகளைத் தன் பாட்டனார் கந்தப்பன்தான் எல்லீஸ் துரைக்குக் கிடைக்கச் செய்தார் என்றும் அவர் எழுதியிருக்கிறார். கந்தப்பன் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல் பொறுப்பாளர். தமிழின் பெருமைக்கு மெரினாவில் சிலை வைத்தவர்கள் அந்தச் சமையல்கட்டை எட்டிப் பார்க்கவில்லை.

1914இல் செத்த அயோத்திதாசர் பல பத்தாண்டுகள் மறக்கடிக்கப்பட்டார். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்தபிறகுதான் அடுத்த தலைமுறை அவரைப் படித்தது. ஆய்வு நூலகங்களில் தூங்கிய பத்திரிகையை எழுப்பியது அரசாங்கமில்லை, தேடிப் போன மனிதர்கள். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2023 டிசம்பரில் அயோத்திதாசருக்கும் அங்கே மணிமண்டபம் திறந்தார்கள். 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தியவர் சீனிவாசன். எந்தச் சொல்லால் அடித்தார்களோ அந்தச் சொல்லை எடுத்துத் தலைப்பில் போட்டார். அதே வருடம் டிசம்பரில், இந்தியாவிலும் ஐ.சி.எஸ். தேர்வு நடத்தக் கூடாது, நடத்தினால் அதிகாரமெல்லாம் மேல்சாதிக் கைக்குப் போகும் என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு லண்டன் பாராளுமன்றத்துக்குப் போனது. 1930இல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். இந்த இரண்டு மண்டபங்களும் பாம்புப் பண்ணைக்கும் மான் பூங்காவுக்கும் பக்கத்தில் இருக்கின்றன. கூட்டம் அந்தப் பக்கம் போகிறது. நம் பிள்ளைகளாவது இந்தப் பக்கம் போகட்டும்.

அடையாற்றில் ஆலமரம் பார்க்கப் போகிறவர்கள், 1894இல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் பள்ளி பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளியாக நிற்பதையும் பார்க்கலாம். தரமணிக்குப் போனால் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1990களிலிருந்து எங்கள் மலையின் சாமை, தினை, கேழ்வரகு வகைகளை ஆராய்ந்து வருகிற இடம். சேகோ ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு மலையை விழுங்கிக்கொண்டிருந்தபோது பழைய தானியங்கள் அழியாமலிருக்க அது வேலை செய்தது. எங்கள் விதை எங்களுக்கு முன்பே சென்னை பார்த்துவிட்டது. விதையைக் காத்துவைத்த கிழவிகள் இன்னும் பார்க்கவில்லை.

கடைசி ஞாயிறு

இன்னும் ஓர் ஞாயிறு மிச்சமிருந்தால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2000த்திலிருந்து கூவம் ஓரத்துச் சனங்களை, அடையாற்றங்கரைச் சனங்களை, சுனாமிக்குப் பிறகு கடற்கரைச் சனங்களை, 2015 வெள்ளத்துக்குப் பிறகு மேலும் பலரை இங்கே கொண்டுவந்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். தலைமுறைகளாக நகரத்தின் நடுவில் இருந்தவர்கள், நகரத்தைக் கட்டியவர்கள், கூட்டியவர்கள். பெரும்பாலும் தாழ்த்தப்பட்டவர்கள். நகரத்தை அழகுபடுத்த அவர்களை நகரத்துக்கு வெளியே வைத்தார்கள். முன்னூறு வருடத்துக்கு முந்தைய வரைபடத்தில் பறைச்சேரி கறுப்பர் நகரத்து ஓரத்தில் இருந்தது. இப்போது முப்பது கிலோமீட்டர் தள்ளி, எட்டு மாடியில் இருக்கிறது. கடற்கரைக்கு ஒரு கண்ணகி, சேரிக்கு ஒரு கண்ணகி நகர்.

பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளிடம் சென்னையில் எல்லோரும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. மலையாளி என்று சொன்னால் "நீங்க கேரளாவா?" என்பார்கள். வல்வில் ஓரியின் கொல்லிமலை என்று சொன்னால் சங்க இலக்கியம் படித்தவர்கள் தலையாட்டுவார்கள். ஓரியைத் தெரியும். காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்ததும் தெரியும். ஆடியில் அரசாங்கம் விழா எடுக்கிறது, செம்மேட்டில் சிலை நிற்கிறது. அந்த மலையில் இன்றைக்கு யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அரசனைத் தெரிந்து, சனத்தைத் தெரியாமல் இருப்பதுதான் நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட வரலாறு. தலைநகரத்தின் பட்டியலும் அதே பாடத்தைத்தான் நடத்துகிறது.

ஆகவே பிள்ளைகளே, போங்கள். ஒரு சனி, ஞாயிறையும் விடாதீர்கள். பஸ் பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கன்னிமாரா நூலகத்தில் போய் உட்காருங்கள், அது யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய இடம். பார்த்ததைத் தேதியோடு எழுதிவையுங்கள். ஒவ்வொரு கட்டடத்தின் முன்பும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதைக் கட்டியவன் எங்கே படுத்தான்? இங்கிருந்து போன காகிதம் எங்கள் காட்டில் என்ன செய்தது? பதில் உடனே கிடைக்காது. ஆனால் அளக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கையில் நோட்டோடு அளந்தவர்களின் நகரத்தை எழுதத் தொடங்கிவிட்டால், அடுத்த தர்ஸ்டன் மலையேறி வரும்போது அவர் மூக்கையும் நாம் கொஞ்சம் கவனித்துக்கொள்ளலாம்.